முடிச்சில்லாத துணி

"அக்கா, பின்னாடி சீட்டு ஈரமா இருக்கு" என்று முதலில் சொன்னது இரண்டாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி. எவனோ தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்துவிட்டான் என்று நினைத்த விமலா, பழைய துண்டால் துடைத்துவிட்டுப் பள்ளி வேனைக் கிளப்பினாள். மறுநாளும் ஈரம். அதற்கடுத்த நாளும் ஈரம். தைப்பூசம் முடிந்து மழை மறந்துபோன நேரம் அது. ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளே பொரிந்து உதிரும்போல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பட்டறைக்காரன் மகேந்திரன் வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தான். "கூரையில ஓட்ட இல்ல. ஏர்கோண் தண்ணியும் இல்லலா. மோந்து பாருங்க, ஆத்துத் தண்ணி வாடை அடிக்குது" என்றான்.

விமலா குனிந்து மோந்தாள். சேறும் அழுகின இலையும் கலந்த வாடை. நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. அது அவள் தம்பி பவித்ரன் உட்காரும் இடம். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு தம்பியை அவன் வேலை செய்த அச்சகத்தில் கொண்டுபோய் விடுவாள். முன்னால் எத்தனை இடம் காலியாகக் கிடந்தாலும் அவன் கடைசி இருக்கைக்குத்தான் போவான். தீபாவளி கழிந்த பத்து நாளில் டிங்கிக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோனது. இருபத்தொன்பது வயது.

அம்மா ராக்காயி செத்தபோது அவன் நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். வளர்த்தவள் விமலா. தன் கல்யாணம் ஒத்துவராமல் போய் புந்தோங்கில் தனியாக வீடெடுத்தபோது அவனையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அப்பாவு என்று பெயர்கொண்ட அப்பா மட்டும் சொந்த ஊரான சுங்காயிலேயே தங்கிவிட்டார்.

பவித்ரன் கும்பிட்டது கிரேக்க நாட்டுப் பழைய சாமிகளை. அறையில் ஒரு பலகை, அதன்மேல் எண்ணெய் விளக்கு, தொப்பியில் சிறகு முளைத்த ஒரு சாண் மண் பொம்மை. அது ஹெர்மிஸாம், செத்தவர்களுக்கு வழிகாட்டிக் கீழே கூட்டிப்போகிற சாமி. காலையில் கோப்பியின் முதல் மிடறை அதற்கு ஊற்றாமல் குடிக்க மாட்டான்.

"ஏண்டா, நம்ம சாமிங்க போதலியா ஒனக்கு?" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"போதும் போதாதுன்னு இல்லக்கா. கூப்புட்ட மாதிரி இருந்துச்சு, போனேன்."

விசேஷ நாள்களில் நீளமான வெள்ளைப் பருத்தித் துணியை உடம்பைச் சுற்றிப் போட்டு, இரண்டு தோளிலும் ஊக்குக் குத்தி, இடுப்பில் ஒரு வாரைச் சுற்றிக்கொள்வான். ஓரத்தில் நீலக் கரையை அவனே தைத்திருந்தான். "பெட்சீட்டு கட்டிக்கிட்டு நிக்கிறான் பாரு" என்று விமலா சிரிப்பாள். அவனும் சிரிப்பான்.

சாவன்று அப்பா வந்து எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். பட்டுச்சட்டை, வேட்டி, நெற்றி நிறைய திருநீறு. அவனோடு சேர்ந்து அந்தச் சாமிகளைக் கும்பிடுகிற நாலைந்து பேர் இலைமாலையோடு வாசலுக்கு வந்தபோது, "நீங்கதாண்டா எம்புள்ளைய கெடுத்தவனுங்க" என்று கத்தி விரட்டினார். சாம்பல் கரைத்த மறுநாள் அறையைத் துடைத்தெடுத்துக்கொண்டு சுங்காய்க்குப் போய்விட்டார். எங்கே கொண்டுபோனார் என்று விமலா கேட்கவில்லை. கேட்கிற தெம்பு அப்போது அவளிடம் இல்லை.

காலைப் பிள்ளைகளை விட்டபிறகு மத்தியானப் பிள்ளைகளை ஏற்றும்வரை வேனைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்திவிட்டு அவள் கண்ணயர்வது வழக்கம். பட்டறைக்குப் போய்வந்த மறுநாள் அப்படிச் சாய்ந்திருந்தவளுக்குக் குளிரெடுத்தது. கண்ணைத் திறந்தாள். தலைக்கு மேலிருந்த பின்பார்வைக் கண்ணாடியில் கடைசி இருக்கை தெரிந்தது. அதில் யாரோ முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். வெற்று முதுகு. இரண்டு கைகளாலும் தன்னையே கட்டிக்கொண்டு, தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. கழுத்துக்குக் கீழே இருந்த மச்சத்தை அவளுக்குத் தெரியாதா? எத்தனை தடவை அதில் சோப்பு போட்டிருப்பாள்.

"அக்கா, போட்டுக்க ஒன்னும் இல்லக்கா."

அவள் திரும்பினாள். யாருமில்லை. இருக்கை மட்டும் நனைந்து கறுத்துக் கிடந்தது.

செத்தவர்கள் துணி கேட்டால் படையல் போடுவது நம் வீடுகளில் உள்ளதுதான். அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போய்ப் புது வேட்டியும் சட்டையும் வாங்கினாள். அவன் படத்துக்கு முன்னால் வைத்து, நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறும் பால் கலக்காத கோப்பி ஓவும் படைத்து, "போட்டுக்கடா தம்பி" என்று சொல்லி அழுதாள். விடிந்து பார்த்தால் சோறு காய்ந்து வரட்டியாகக் கிடந்தது. மடிப்புக் கலையாத சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வேட்டியின் சரிகைச் சாயம் கலைந்து தரையில் மஞ்சளாக ஓடியிருந்தது.

அந்தச் சட்டை அவனுக்கு வேண்டாம் என்று அவளுக்குப் புரிந்தது. எது வேண்டும் என்பதும் புரிந்தது.

கார்த்திகேசு ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்தான். சாவு வீட்டில் விரட்டப்பட்டவர்களில் அவனும் ஒருவன். விமலா கடைக்குள் நுழைந்ததும் அவன் முகம் இறுகியது. அவள் சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அவன் கையில் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடி அப்படியே நின்றுபோயிருந்தது.

"சனிக்கிழம எங்களுக்கு ஒரு நாள் வருதுக்கா. செத்தவங்க மேல வந்து போற நாளு. தானியமெல்லாம் ஒன்னா வேகவச்சி ஹெர்மிஸ் பேரச் சொல்லி அவங்களுக்குப் படைப்போம். அப்புறம் திருப்பி அனுப்பிருவோம். நீங்க வரலாம்."

"நான் என்னா போட்டுக்கிட்டு வரணும்?"

"அப்படிப் பெருசா சட்டமெல்லாம் இல்ல. குளிச்சிட்டுச் சுத்தமான துணி எதப் போட்டாலும் சரி. மேல உள்ள சாமிங்களுக்கு வெள்ள போடுவோம், கீழ உள்ளவங்களுக்குக் கறுப்பு. நெறைய பேரு சட்ட சிலுவார்லதான் வருவாங்க. பவித்ரன்தான் கித்தோன் கட்டுவான்."

"அந்த வெள்ளத் துணியா?"

"அதேதான். அப்புறம்..." அவன் தயங்கினான். "எல்லாரும் இப்படிச் செய்யறதில்ல. எங்க கூட்டத்துல செத்தவங்களுக்குச் செய்யற அன்னிக்கு மட்டும் வச்சிருக்கோம். தங்கம், மோதிரம், செருப்பு கூடாது. தலைய அவுத்து விட்டுரணும். ஒடம்புல எங்கயும் முடிச்சு இருக்கக் கூடாது. முடிச்சு இருந்தா வந்தவங்க போக முடியாம மாட்டிக்குவாங்கன்னு ஒரு பேச்சு. அவனோட கித்தோன் இருந்தா எடுத்துட்டு வாங்க. நெருப்புல குடுத்தா அவனுக்குப் போய்ச் சேரும்."

"அது எங்கிட்ட இல்ல" என்றாள் விமலா.

வெள்ளிக்கிழமை மத்தியான வேலையை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுத் தெற்கே சுங்காயை நோக்கி வண்டியை விட்டாள். தாப்பாவைத் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. ஒரு காலத்தில் இதெல்லாம் கித்தாக்காடு, ரப்பர் மரங்கள். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டின தோட்டத்தில் இப்போது லயமும் இல்லை, ஒரு பால்மரமும் இல்லை. தோட்டத்தை ஒட்டிக் கட்டிக்கொடுத்த தாமான் குடியிருப்பில் கடைசி வீடு அப்பாவுடையது.

அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தார் இளகுகிற அந்த வெயிலில், கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டைக்குள் சுருண்டிருந்தார். மேற்கையில் புதிதாக ஒரு தாயத்து, கறுப்புக் கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது.

"காய்ச்சலாப்பா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் இது?"

அவர் சட்டையை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டார். விமலா உள்ளே போனாள். படுக்கைப் பாய் சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்தது. அதன் அடியில் தண்ணீர் குட்டையாகத் தேங்கி நின்றது. அதே சேற்று வாடை.

அவள் வெளியே வந்து அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "எத்தன நாளா வர்றான்?"

அப்பாவு அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்கும் தெரியும் என்பது விளங்கியதும் கிழவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பொங்கலுக்கு முன்னாலருந்து. வந்து எம்பக்கத்துல படுத்துக்கிறான். ஐஸுக்கட்டி மாதிரி இருக்கான் புள்ள. குளுருதுப்பா குளுருதுப்பாங்கறான். போர்த்திவிட்டா போர்வை நனையுது. பூசாரிகிட்ட போயி இதக் கட்டிக்கிட்டு வந்தேன். இதுக்கு அப்புறம் கிட்ட வர்றதில்ல. கதவுக்கிட்டயே நிக்கிறான், தண்ணி மட்டும் பாய்வரைக்கும் வருது. பாக்க முடியலம்மா."

"அவன் சாமான வச்சி என்னா பண்ணீங்க?"

"அந்தப் பொம்மதான் எம்புள்ளையக் கொண்டுட்டுப் போயிருச்சுன்னு நெனச்சேன். அந்த வெள்ளத் துணியில போட்டு, கல்ல வச்சி, மெதந்து வந்துரக் கூடாதுன்னு இறுக்கி முடிச்சுப் போட்டேன். பாலத்துலேருந்து ஆத்துல விட்டேன்."

இருவரும் ஆற்றுக்குப் போனார்கள். இரும்புப் பாலத்துக்குக் கீழே தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடியது. சனவரியில் ஒரு பெருவெள்ளம் வந்து மணல்திட்டுகளையே இடம்மாற்றிப் போட்டிருந்தது. அப்பாவு வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். விமலா வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் காலால் துழாவினார். பிளாஸ்டிக் பைகள் வந்தன, ஒரு டயர் வந்தது. துணி வரவில்லை. கரையேறி நின்று உதடு நீலம்பாரிக்க நடுங்கியபடி, "புதுசு தச்சிக் குடுத்தா வாங்கிக்குவானா?" என்று கேட்டார்.

சுங்காய்க் கடைத்தெருவில் வெள்ளைப் பருத்தியும் நீலக் கரையும் கிடைத்தன. வீட்டுக்கு வந்த பிறகுதான் அளவு தெரியாதது உறைத்தது. சிரித்துக் கேலி செய்தாளே தவிர, ஒரு நாளும் அவள் அதைக் கையில் பிடித்துப் பார்த்ததில்லை. அப்பாவு கம்பளிச் சட்டையைக் கழற்றினார். "அவன் என் ஒசரம். எம்மேல வச்சிப் பாரு" என்று நடுக்கூடத்தில் கைகளை அகட்டி நின்றார்.

விமலா துணியை அவரைச் சுற்றிப் போட்டாள். கார்த்திகேசு கைப்பேசியில் அனுப்பியிருந்த படத்தைப் பார்த்துப் பார்த்துத் தோளில் ஊக்குக் குத்தினாள். முழங்காலுக்குக் கீழே இறங்காமல் தூக்கிவிட்டாள். வெள்ளைத் துணிக்குள் அந்த எலும்புத் தோள்கள் தம்பியின் தோள்களாகவே இருந்தன. அவர் குனிந்து மடிப்புகளைத் தடவிப் பார்த்தார்.

"இதுக்குப் பேரு என்னாம்மா?"

"கித்தோன்."

"கித்தாவா?"

"கித்தோன்பா."

"கித்தோன்." பிள்ளை புதுச்சொல் பழகுவதுபோல இன்னொரு தடவை சொன்னார். "நல்லாத்தான் இருக்கு. இதக் கட்டிக்கிட்டு அவன் நிக்கிறத நான் ஒரு நாளும் பாக்கல."

அவர் அசையாமல் நிற்க, விமலா மண்டியிட்டுக் கரையைத் தைத்துக்கொண்டே வந்தாள். பின்கதவுப் பக்கம் சிமெந்துத் தரையில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. சொட்டு. சொட்டு. அப்பாவுக்கும் கேட்டது. இருவரும் தலையைத் திருப்பவில்லை. "தச்சிக்கிட்டுத்தான் இருக்கோம்யா, கொஞ்சம் பொறுத்துக்க" என்று அவர் கதவைப் பார்க்காமலே சொன்னார். சத்தம் நின்றது.

சனிக்கிழமை சாயங்காலம் கார்த்திகேசு வந்தான். கூடவே சியூ லிங் என்ற சீனப் பெண்ணும், சிலிம் ரிவரிலிருந்து கலாதேவி என்ற ஆசிரியையும். வழக்கமாக ஈப்போவில் செய்வதை இந்த முறை ஆற்றங்கரையில் செய்ய ஒப்புக்கொண்டிருந்தார்கள். விமலா உடுப்புக்கு அல்லாடிவிட்டாள். சேலை என்றால் பாவாடை நாடா முடிச்சு. சுரிதார் என்றால் அதிலும் நாடா. கடைசியில் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் முடிச்சே இல்லாத கறுப்பு அங்கி ஒன்றை வாங்கித் தலைவழியாகப் போட்டுக்கொண்டாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள். கூந்தலை அவிழ்த்து விட்டபோது உடம்பு சிலிர்த்தது. இழவு வீட்டில் தவிர வேறெங்கும் அவள் தலைவிரித்து நின்றதில்லை.

"சாமி காரியத்துக்குப் போயிக் கறுப்பா?" என்று அப்பா ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தாள். அவர் அலமாரியைத் திறந்து, எப்போதோ ஐயப்பனுக்கு மாலை போட்டபோது கட்டிய கறுப்பு வேட்டியை எடுத்து உதறினார். முடிச்சுப் போடாமல் மடித்துச் செருகிக்கொண்டார். அரைஞாண் கயிற்றை அறுத்து வைத்தார். பிறகு விமலாவின் கண் தன் கையில் இருப்பதைக் கவனித்தார்.

"இதுவுமா?"

"முடிச்சு எதுவும் இருக்கக் கூடாதாம்பா."

"இது போயிட்டா அவன் கிட்ட வந்துருவானே."

"வரட்டும்பா. அவன் நம்ம புள்ளதான?"

கொஞ்ச நேரம் அவர் தாயத்தை விரலால் பற்றிக்கொண்டே நின்றார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து அவளிடம் நீட்டினார். கயிறு அறுந்து விழுந்த அந்த நொடியில் கூடத்தில் இருந்த வெக்கை எங்கோ போயிற்று. அவர் கையில் மயிர் குத்திட்டு நின்றதை விமலா பார்த்தாள். "வந்துட்டான்" என்றார் மெதுவாக. பயந்த குரலாக அது இல்லை.

செம்பனை வரிசைகளுக்கிடையே எல்லோரும் வெறுங்காலோடு நடந்தார்கள். கரையில் கார்த்திகேசு ஒரு கொள்ளிக்கட்டையை உப்புத் தண்ணீரில் முக்கி அணைத்து, அந்தத் தண்ணீரால் எல்லோரையும் கை கழுவச் சொல்லி, தலையிலும் தெளித்தான். விமலா வேகவைத்துக் கொண்டுவந்த பயறும் கடலையும் கோதுமையும் அரிசியும் மண்சட்டியில் தேனோடு ஆவி விட்டன. "இதுல நாம யாரும் வாய் வைக்கக் கூடாது. கீழ உள்ளவங்களுக்கு மட்டுந்தான்" என்றான். ஹெர்மிஸைப் பேர் சொல்லி அழைத்து, வழிகாட்டச் சொல்லி வேண்டிக்கொண்டான். சியூ லிங் தேனும் தண்ணீரும் மண்ணில் ஊற்றினாள். அப்பாவுவின் பக்கம் திரும்பி, செத்துப்போன தன் தகப்பனுக்குத் தாங்கள் காகிதச் சட்டை எரித்ததாக மலாய் மொழியில் சொன்னாள். அவர் தலையசைத்தார்.

காய்ந்த மட்டைகளில் தீ பிடித்து நிமிர்ந்தது. அப்பாவுவும் விமலாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் துணியை விரித்தார்கள். தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவதுபோலத் தீயின்மேல் அதைத் தாழ்த்தினார்கள். அது உடனே எரியவில்லை. அனல் புகுந்து மெல்ல உப்பியது. ஊக்குக் குத்திய இடங்கள் உயர்ந்து தோள்களாக நின்றன. இடுப்பு நிறைந்தது. நீலக் கரை முழங்காலருகே சுழன்றது. ஒரு மூச்சு நேரம் யாரோ உள்ளே நுழைந்து நின்று, கைகளை விரித்துத் தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டதுபோல இருந்தது. கலாதேவி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவு, "எய்யா" என்று ஓர் அடி முன்னால் வைத்தார். விமலா அவர் கையைப் பிடித்தாள். அப்போது கரை பற்றிக்கொண்டு, துணி முழுக்க ஒரே மூச்சில் எரிந்து மேலே போயிற்று.

சூரியன் செம்பனைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

"இப்ப அனுப்பி வைக்கணும்" என்றான் கார்த்திகேசு. "நாள் முடிஞ்சிருச்சு, போன்னு சொல்லணும். வீட்டு ஆளுங்கதான் சொல்லணும். சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம நடக்கணும்."

விமலா வாயைத் திறந்தாள். கடைக்குப் போகிறவனைக்கூட யாரும் வெறும் 'போ' என்று சொல்லாத வீட்டில் பிறந்தவள் அவள். பள்ளிக்கூடத்துக்கு முதன்முதலாக அவனை அனுப்பியபோதும், கடைசியாக அவசரப் பிரிவுக்குள் படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனபோதும் அவள் சொன்னது ஒன்றேதான். இப்போதும் அதுதான் நாக்கு நுனியில் நின்றது. அதை விழுங்கிவிட்டு மற்றதைச் சொல்லத் தைரியம் தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் அப்பா சொல்லிவிட்டார்.

"போயிட்டு வாய்யா."

கார்த்திகேசுவின் முகம் மாறியது. சியூ லிங்குக்குத் தமிழ் தெரியாது. அவள் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பாவுவுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் காதில் விழுந்திருக்க வேண்டும். அவர் கண்கள் விமலாவிடம் வந்தன. எதற்காகக் கெஞ்சின என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"போடா தம்பி" என்றாள் விமலா. "நாள் முடிஞ்சிருச்சு. போ."

திரும்பி நடந்தார்கள். பின்னால் காய்ந்த மட்டைகள் நொறுங்கும் ஓசை கூடவே வந்தது. வெறுங்கால் நடை. கடைசியாக வந்த கலாதேவிக்கும் பின்னாலிருந்து அது வந்தது. அப்பாவு விமலாவின் விரல்களை நெரித்துவிடுவதுபோலப் பிடித்திருந்தார். அவர் கழுத்து பாதி திரும்புவதும் மீள்வதுமாக இருந்தது. செம்பனை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்தில் ஓசை நின்றது. சற்று நேரம் அங்கேயே யாரோ நிற்பதுபோல இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

திங்கட்கிழமை பிள்ளைகள் ஏறினார்கள், இறங்கினார்கள்; ஒருத்தியும் ஈரம் என்று சொல்லவில்லை. செவ்வாயும் அப்படியே. மத்தியானம் மரத்தடியில் அவள் சாய்ந்தபோது உறக்கம் வரவில்லை. வெயில் கண்ணாடியைச் சுட்டது. கைப்பேசி அடித்தது. அப்பா.

"அங்க வந்தானா?"

"இல்லப்பா."

"இங்கயும் வரல. பாயி காஞ்சி கெடக்கு. நேத்து நல்லாத் தூங்கினேன்." நல்ல சேதியைச் சொல்கிற குரலாக அது இல்லை. "விமலா, நான் போயிட்டு வான்னு சொல்லிட்டேன்ல. அது அவன் காதுல விழுந்துருக்குமா?"

அவருக்கு எந்தப் பதில் வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தனக்கு எது வேண்டும் என்பதும் தெரியவில்லை.

"விழுந்துருக்கும்பா" என்றாள்.